மோதாத குழாய்களும் மோதிக்கொண்ட பொறுப்புகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரிய ரயில் திட்டங்களில் கட்டுமானத் தகவல் மாதிரி, அதாவது நாம் சுருக்கமாகப் பிம் என்று சொல்வது, எப்படிப் பயன்படுகிறது என்று பேசும்படி அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாகத் திரையில் ஒரு வண்ண மாதிரியைச் சுழற்றிக் காட்டுவார்கள். அவையும் வாய்பிளந்து பார்க்கும். நான் படம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு ரயில் பாதையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். லண்டனில் கிராஸ்ரெயில் என்ற பெயரில் கட்டப்பட்டு, இன்று எலிசபெத் லைன் என்று ஓடிக்கொண்டிருக்கும் பாதை அது.

பிம் முறையை அரைமனதாக இல்லாமல் முழுமையாகக் கையிலெடுத்த முன்னோடி ரயில் திட்டங்களில் கிராஸ்ரெயிலும் ஒன்று. அதே திட்டம்தான் சொன்ன தேதிக்கு மூன்றரை ஆண்டு பிந்தித் திறந்தது. இரண்டும் எப்படி ஒரே இடத்தில் நடந்தன? இந்தக் கேள்விக்கு நான் கண்ட பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளும் பொருளும் மோதினால் மாதிரி காட்டிக்கொடுக்கும். பொறுப்பும் பொறுப்பும் மோதினால் அது காட்டாது. அதற்கான மருந்து மென்பொருளில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது.

மாதிரி என்பது எது?

வரைபடத்தில் இரண்டு இணைகோடுகளைப் பார்த்தால் நமக்கு அது சுவர். கணினிக்கு அது வெறும் இரண்டு கோடு. அந்தச் சுவர் தளப்படத்தில் ஒருமுறை, குறுக்குவெட்டுப் படத்தில் ஒருமுறை, முகப்புப் படத்தில் ஒருமுறை, அளவுப் பட்டியலில் ஒருமுறை என நான்கு இடத்தில் வரும். ஓரிடத்தில் திருத்திவிட்டு மற்ற மூன்றை மறந்துவிட்டால் சைட்டில் சண்டைதான். 1970களின் நடுவில், அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஈஸ்ட்மன் இதற்கு ஒரு வழி சொன்னார். சுவரை ஒரேயொரு முறை, ஒரு பொருளாகக் கணினிக்குச் சொல்லிவிட வேண்டும். படங்களும் பட்டியலும் அதிலிருந்தே பிறக்க வேண்டும். இன்றைய பிம்முக்கு வித்து அதுதான்.

அந்தப் பொருளோடு தகவலும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு கதவு எத்தனை நிமிடம் தீ தாங்கும், யார் செய்தது, எப்போது பொருத்தினார்கள் என்பதெல்லாம் கதவோடேயே இருக்கும். பொருளோடு நாளைச் சேர்த்தால் எந்த வாரம் எந்தப் பகுதி எழும் என்று பார்க்கலாம். விலையைச் சேர்த்தால் செலவு தெரியும். ரயில் ஓட்டுநரின் கண் உயரத்தில் நின்று, வளைவு தாண்டியுள்ள சிக்னலை மின்கம்பம் மறைக்கிறதா என்று கம்பம் நடுவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

பிரிட்டிஷ் அரசு 2011 மே மாதம் வெளியிட்ட கட்டுமானக் கொள்கையில், மைய அரசின் திட்டங்கள் 2016க்குள் முப்பரிமாண பிம் முறையில் நடக்க வேண்டும் என்று விதித்தது. கிராஸ்ரெயில் அந்த உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. கிராஸ்ரெயிலுக்கான சட்டம் 2008இல் நிறைவேறியது. கட்டுமானம் 2009இல் தொடங்கியது. உத்தரவு வருவதற்கு முன்பே வடிவமைப்பு வேலை மாதிரிகளில் நடந்துகொண்டிருந்தது.

பாதை கட்டடம் அல்ல

கட்டடத்தில் எதையும் மாடியையும் தூணையும் வைத்து அடையாளம் சொல்லலாம். ரயில் பாதையில் எல்லாமே மையக்கோட்டை வைத்துத்தான். இன்ன செயினேஜில், அதாவது கோட்டின் தொடக்கத்திலிருந்து இன்ன தூரத்தில், மையக்கோட்டுக்கு இடப்புறம் இத்தனை மீட்டர் தள்ளி ஒரு கம்பம் என்று சொல்வோம். அந்தக் கோடு நேராகப் போகும், மாறுவளைவில் மெல்லத் திரும்பும், வட்டவளைவில் முழுதாக வளையும். வளைவில் வெளித்தண்டவாளம் உயர்ந்து நிற்கும். கோடு பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் ஸ்லீப்பர், மின்கம்பம், நடைமேடை விளிம்பு எல்லாமே கூட நகர வேண்டும். பிம் மென்பொருள்களோ கட்டடங்களோடு வளர்ந்தவை. ஒரு மென்பொருளின் மாதிரியை இன்னொன்று படிக்க உதவும் பொதுத் தரமான ஐ.எஃப்.சி.யும் அப்படித்தான். தண்டவாளத்துக்கும் சிக்னலுக்கும் அதில் முறையான இடம் கிடைத்தது 4.3 பதிப்பில், அது ஐ.எஸ்.ஓ. தரமாக வெளிவந்தது 2024இல். கிராஸ்ரெயில்காரர்கள் அது இல்லாமலேயே காலம் தள்ளினார்கள்.

இன்னொரு சிக்கல் பூமியின் வடிவம். உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடத்தில் விரித்தால் நீளம் கொஞ்சம் பிசகும். பிரிட்டனின் தேசியக் கட்ட அமைப்பில் நடுக்கோட்டின் மேல் அளவுக் காரணி ஏறத்தாழ 0.9996. தரையில் ஒரு கிலோமீட்டர் என்றால் வரைபடத்தில் 40 சென்டிமீட்டர் குறையும். ஒரு வீட்டுக்கு இது பொருட்டே அல்ல. ஆனால் இரண்டு முனையிலிருந்தும் தோண்டி வந்து நடுவில் சந்திக்க வேண்டிய சுரங்கத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் கிராஸ்ரெயில், லண்டன் சர்வே கிரிட் என்ற தனிக் கட்ட அமைப்பைப் பயன்படுத்தியது. நகரத்துக்குள் அதில் இந்தப் பிசகு மிகமிகச் சிறிது. நீண்ட பாதைகளுக்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஸ்நேக்கிரிட் என்ற முறையை உருவாக்கினார்கள். பாதை வளையும் போக்கிலேயே கட்டமும் வளைந்து போகும். பாதையின் நெடுகிலும் தரையளவும் வரைபட அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்.

நம் ஊருக்கும் இந்தக் கணக்கு உண்டு. உலகப் பொது முறையான யு.டி.எம்.மில் சென்னை 44ஆம் மண்டலம். அதன் நடுக்கோடு கிழக்குத் தீர்க்கரேகை 81 பாகை. சென்னை அதற்குச் சற்று மேற்கே இருப்பதால் கிலோமீட்டருக்குச் சுமார் 32 சென்டிமீட்டர் குறையும். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் தடம் 45 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 14 மீட்டருக்கு மேல் வரும். இதைத் திருத்தும் வழி எந்த நல்ல சர்வேயருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் திருத்திய அளவிலும் பக்கத்து ஒப்பந்தக்காரர் திருத்தாத அளவிலும் மாதிரி வரைந்து, இரண்டையும் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும்?

உயரத்திலும் இதே கதை. பிரிட்டனில் உயரத்தை நியூலின் துறைமுகத்தின் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளப்பார்கள். சுரங்கம் கடல்மட்டத்துக்குக் கீழே போவதால் எல்லா எண்ணுக்கும் முன்னால் கழித்தல் குறி வரும்; ஒரு குறி விட்டுப்போனால் வினை. ஆகவே லண்டன் சுரங்கக்காரர்கள் எல்லா உயரத்தோடும் 100 மீட்டரைக் கூட்டிக்கொள்கிறார்கள். கடல்மட்டத்துக்கு 25 மீட்டர் கீழே இருக்கும் நடைமேடை அவர்கள் கணக்கில் 75. கிராஸ்ரெயிலும் இந்தச் சுரங்க மட்டத்தையே கொண்டது. மாதிரி வரையத் தொடங்குமுன் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியவை எவ்வளவு அடிப்படையானவை என்று காட்டத்தான் இவ்வளவும் சொன்னேன். கணினி எதையும் யூகிக்காது. 75 என்று கொடுத்தால் 75லேயே வைக்கும்.

ஒரு கோப்பின் பயணம்

இப்போது திட்டத்துக்குள் போவோம். மேற்கே ரெடிங், ஹீத்ரோ முதல் கிழக்கே ஷென்ஃபீல்ட், ஆபி வுட் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை. அதில் 42 கிலோமீட்டர் புதிய சுரங்கம், 10 புதிய நிலையங்கள், எட்டு சுரங்கம் தோண்டும் இயந்திரங்கள், 36 பெரிய ஒப்பந்தங்கள். இத்தனை பேரும் வரைவதை எப்படி ஒன்றாகக் கட்டி மேய்ப்பது? பொதுத் தரவுச் சூழல் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். பெயர் கனமாக இருக்கிறது, செயல்முறை எளிது. அதற்கு அடிப்படை பி.எஸ். 1192 என்ற பிரிட்டிஷ் தரம்.

ஒரு வடிவமைப்பாளர் காற்றோட்டக் குழாயின் மாதிரியை வரைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைந்துகொண்டிருக்கும்வரை அது அவர் குழுவுக்கு மட்டுமே தெரியும். அதன் நிலைக்குறி எஸ்0. சரிபார்த்தபின் மற்ற துறைகளோடு பகிர்வார், அப்போது எஸ்1. இதை வைத்து உங்கள் வேலையை ஒத்திசைத்துக்கொள்ளலாம், ஆனால் இதை நம்பிக் கட்டக் கூடாது என்று பொருள். கருத்துக் கேட்க எஸ்3. எல்லோரும் ஒப்புக்கொண்டு அதிகாரம் உள்ளவர் கையொப்பமிட்ட பிறகுதான் கட்டுமானத்துக்கு வெளியாகும். அதுவரை பி01, பி02 என்று ஏறிவந்த திருத்த எண், அன்று சி01 ஆகும். பழைய பதிப்பு அழிக்கப்படாது. ஆவணக் காப்பில் இருக்கும். கோப்பின் பெயரைப் படித்தாலே எந்த ஒப்பந்தம், யார் வரைந்தது, எந்தப் பகுதி, எந்தத் துறை என்று சொல்லிவிடலாம்.

இதில் முப்பரிமாணம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லைதான். மாதிரியின் அழகைவிட, யார் எதை யாருக்கு எந்த உறுதியோடு கொடுத்தார் என்ற ஒழுங்குதான் திட்டத்தைத் தாங்கியது. இந்த ஒழுங்கைப் பழக்கவே 2012இல் பென்ட்லி என்ற மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு தகவல் பயிற்சிக்கூடத்தையும் தொடங்கினார்கள். பிம்மை மென்பொருள் வாங்கும் வேலையாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலன் கிடைக்காமல் போகவில்லை. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தைப் பாருங்கள். அங்கே ஏழு மீட்டர் விட்டமுள்ள இயந்திரம், கீழே ரயில் ஓடிக்கொண்டிருந்த நார்தர்ன் லைன் நடைமேடைச் சுரங்கத்துக்கும் மேலே இருந்த எஸ்கலேட்டர் கட்டுமானத்துக்கும் நடுவே புகுந்து போனது. இரு பக்கமும் இடைவெளி ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தக் குழுவினர் அந்த இடத்துக்கு ஊசிக்கண் என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய சுரங்கம் எங்கே இருக்கிறது, புதியது எங்கே போகும் என்பது ஒரே கட்ட அமைப்பில், ஒரே உயர மட்டத்தில் இருந்ததால்தான் இது நடந்தது. சுரங்கம் தோண்டும் வேலை 2015இல் முடிந்தது.

அப்படியானால் ஏன் பிந்தியது?

திறப்பு விழாவுக்கு 2018 டிசம்பரைக் குறித்திருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், மூன்று மாதமே மீதமிருந்தபோது, முடியாது என்று அறிவித்தார்கள். பாதை திறந்தது 2022 மே 24 அன்று. 2010இல் 1,480 கோடி பவுண்டு என்று வகுத்த செலவு, முடிவில் ஏறத்தாழ 1,900 கோடியானது.

எங்கே உடைந்தது? சுரங்கத்தில் அல்ல, குழாய்கள் மோதியதிலும் அல்ல. அந்த ரயில் மூன்று விதமான சிக்னல் முறைகளுக்குள் போய்வர வேண்டும். நடுச் சுரங்கத்தில் ஒன்று, ஹீத்ரோ பக்கம் இன்னொன்று, மற்ற பழைய பாதைகளில் மூன்றாவது. ஓடிக்கொண்டே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். ரயில் ஒருவர் தயாரிப்பு, நடுச் சுரங்கத்தின் சிக்னல் இன்னொருவருடையது, பழைய பாதை வேறொருவர் கையில். இவற்றைப் பிணைக்கும் மென்பொருளைச் சோதிக்கப் போதிய நாள் இல்லை. 2017 நவம்பரில் புட்டிங் மில் லேனில் ஒரு மின் உபகரணம் வெடித்ததும் சோதனை ஓட்டத்தைத் தள்ளிப்போட்டது. நிலையங்களில் வேலை முடியாமலேயே கிடக்க, கட்டுமானத்தையும் சோதனையையும் ஒரே நேரத்தில் நடத்தப் பார்த்தார்கள். ஒன்று மற்றொன்றின் காலை வாரியது.

பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019 மே மாதம் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. காலத்தை அளவுக்கு மீறி நெருக்கியது, ஒப்பந்தங்களைப் பிரித்த விதம், செலவைக் கட்டுக்குள் வைக்கும் அழுத்தம் தளர்ந்தது, நடைமுறைக்கு ஒத்துவரும் முழுத் திட்டம் இல்லாதது என்று காரணங்களை அடுக்கியது. ‘முடித்துவிடலாம்’ என்ற நம்பிக்கை யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாத அளவுக்கு வேரூன்றிவிட்டது என்றும் சொன்னது. 36 ஒப்பந்தங்களுக்கு நடுவே 36 சேர்க்கைகளா இருக்கும்? எத்தனையோ மடங்கு இருக்கும். அந்த இடைவெளிகளுக்கெல்லாம் கடைசியில் பொறுப்பாளி திட்ட நிறுவனமே. ஒருவர் பிந்தினால் பக்கத்தவர் எத்தனை நாள் பிந்துவார் என்பதைச் சொல்ல ஒருங்கிணைந்த கால அட்டவணை வேண்டும். மாதிரி இருந்தது, நம்பத் தகுந்த அந்த அட்டவணை இல்லை.

ஆகவே பிம் தோற்றது என்று சொல்வது தவறு. பிம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. கான்கிரீட்டும் இரும்பும் எங்கே இருக்க வேண்டும் என்பதை மாதிரி சரியாகவே சொன்னது. முடிந்தது என்று யார் சொல்ல வேண்டும், அதை யார் ஏற்க வேண்டும் என்ற இடத்தில்தான் நாட்கள் கரைந்தன.

பழைய அளவும் புதிய பொருளும்

இதே நோய்க்கு இன்னொரு உதாரணம் பிரான்சில் உண்டு. அங்கே 2014இல், வட்டார ரயில்களுக்காக வாங்கிய புதிய வண்டிகள் ஏறத்தாழ 1,300 நடைமேடைகளில் உரசும் என்று தெரியவந்தது. வண்டி வாங்கியது ஒரு நிறுவனம், பாதையை நிர்வகித்தது வேறொன்று. கொடுத்த அளவுகள் கடந்த 30 ஆண்டுகளில் கட்டிய நடைமேடைகளுக்கானவை. ஐம்பது ஆண்டுக்கு முன் கட்டிய குறுகலான நிலையங்கள் கணக்கில் வரவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. விளிம்பைச் செதுக்க ஐந்து கோடி யூரோ ஆனது. யாரும் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. கைமாறிய தகவல் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்ற குறிப்புதான் கூடவே போகவில்லை. சற்றுமுன் சொன்ன எஸ்0, எஸ்1 எல்லாம் அந்தக் குறிப்பைக் கட்டாயமாக்கும் ஏற்பாடுதான்.

ஒரு பம்ப்பின் பிறப்புச் சான்று

ரயில் பாதையைப் பத்து ஆண்டில் கட்டுவோம். நூறு ஆண்டு ஓட்டுவோம். மாதிரியின் உண்மையான வாடிக்கையாளர் பராமரிப்புக்காரர். சுரங்கத்தின் தாழ்ந்த முனையில், தேங்கும் நீரை இறைக்கும் ஒரு பம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அது நின்றுவிட்டது. கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம்தான் கையில் இருக்கிறது. போகிறவருக்கு என்ன தெரிய வேண்டும்? எண், இடம், யார் தயாரிப்பு, எந்தச் சுவிட்சிலிருந்து மின்சாரம், மாற்று உதிரி எது. இவ்வளவுதான். வண்ணப் படம் வேண்டாம்.

இந்த ஐந்து வரியை யார் நிரப்புவது? பொருத்திய ஒப்பந்தக்காரர்தான். எப்போது? பெரும்பாலும் கடைசியில், பொருத்திய ஆட்கள் வேறு சைட்டுக்குப் போனபிறகு, மிச்சமிருக்கும் ஒரு இளம் பொறியாளர் எங்கெங்கோ கிடக்கும் காகிதத்தைத் தேடி நிரப்புவார். பாதை திறக்கும் முன் பாதுகாப்புச் சான்றுக்கும் இதே ஆவணங்கள்தான் தேவை. கிராஸ்ரெயிலின் கடைசி ஆண்டுகளை இழுத்தடித்தவற்றில் இந்த ஒப்படைப்பு ஆவணங்களும் உண்டு.

நம் கையில் இருக்கும் மருந்து

இந்தியாவில் நாக்பூர் மெட்ரோ, காலத்தையும் செலவையும் இணைத்த பிம் முறையைக் கையாண்டது. சென்னையில் இரண்டாம் கட்ட மெட்ரோ மூன்று தடங்களில் எழுந்துகொண்டிருக்கிறது. 63,246 கோடி ரூபாய் வேலை. வெளிநாட்டுப் பாதைகளின் மாதிரி வேலையும் நம் நகரங்களின் வடிவமைப்பு அலுவலகங்களில் நடக்கிறது. வரையும் திறமைக்கு நம்மிடம் குறைவில்லை. அதனால் திறமையைப் பற்றி விட்டுவிட்டு, வேறொன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு அளவுப் புத்தகம் தெரியும், எம்.புக் என்போம். அதில் ஏறாத வேலைக்குப் பில் கிடையாது. அளந்தவர் எழுத வேண்டும், மேலதிகாரி மறு அளவை செய்ய வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. தவறானால் கோடடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. யோசித்துப் பாருங்கள்: யார் சொன்னது, எப்போது சொன்னது, திருத்தியது யார், பழையது எங்கே என்ற நான்கு கேள்விக்கும் அந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. பொதுத் தரவுச் சூழல் கேட்பதும் இந்த நான்கையேதான். எம்.புக்கை வேலை செய்யவைத்தது அதன் விதிகள் மட்டுமல்ல. அது பணத்தோடு கட்டப்பட்டிருந்ததுதான்.

ஆகவே ரயில் திட்டங்களை நடத்துவோருக்கு மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கட்ட அமைப்பையும் உயர மட்டத்தையும் டெண்டருக்கு முன்பே உரிமையாளர் நிர்ணயிக்க வேண்டும். அதை ஒப்பந்தக்காரர்களிடம் விட்டால் ஆளுக்கொரு பூமி கிடைக்கும்.

இரண்டாவது, இரண்டு ஒப்பந்தங்கள் தொடும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே பொறுப்பாளர், ஒரே தேதி என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ‘இரு தரப்பும் ஒருங்கிணைந்து’ என்ற சொற்றொடரைக் கண்டால் சிவப்பு மை எடுத்து அடித்துவிடுங்கள். இரு தரப்பு என்றால் ஒருவரும் இல்லை.

மூன்றாவது, தகவலையும் எம்.புக்கில் ஏற்றுங்கள். பம்ப் பொருத்தியாயிற்று என்று பில் வரும்போது அதன் ஐந்து வரித் தகவலும் சரிபார்க்கப்பட்டு மாதிரியில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையா, அந்த வேலை முடியவில்லை, பணமும் இல்லை. கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் அன்றோடு நிற்கும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், வேலை கிடைக்கும். ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மென்பொருள் மாறும், அதைக் கற்றவரும் மாற வேண்டியிருக்கும். கூடவே டெண்டர் ஆவணத்தை வரி விடாமல் படிக்கப் பழகுங்கள். எந்தத் தகவலை யார், எப்போது, எந்த உறுதியோடு தர வேண்டும் என்று ஒரு ஷரத்தை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதத் தெரிந்த பொறியாளருக்கு இந்த நாட்டில் பெரிய பஞ்சம் இருக்கிறது. அந்தப் பஞ்சம் தீராமல் எத்தனை மாதிரி வரைந்தாலும், குழாய்கள் மோதாது, திறப்பு விழா மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.